முள்வடிகால்

ஜேபஸ் கெரிட்ஜைப் புதைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் ஊர்க்காவல் படைக்கு அணிவகுப்பு இருந்தது. அவன் தம்பி ஆமோஸ் போனான். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தர்லோவின் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது அவனுக்கு. பார்த்தான். சார்ஜன்ட் தர்லோ வழக்கம்போல மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு பள்ளிக்கூட முற்றத்தில் ஒவ்வொருத்தன் துப்பாக்கிக் குழாய்க்குள்ளும் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆமோஸ் முன்னால் வந்ததும் ஒரு நொடி நின்று, "உங்க அண்ணன் விஷயம் ரொம்ப வருத்தம்ப்பா" என்றார். அப்புறம் குழாய்க்குள் பார்த்துவிட்டு எண்ணெய் அதிகம் என்றார்.

எண்ணெய் அதிகமாம். ஒரு மனுஷனை நிலத்தை விட்டுத் துரத்தினார், துரத்திய மூன்றாம் நாள் அவன் திரும்பிப் போய்த் தன் பழைய களத்துக் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கியிருக்கிறான். துரத்தியவருக்கு எண்ணெய்தான் கண்ணில் பட்டது.

நாற்பத்தோராம் வருஷம், ஜூன் மாதம் அது. கோதுமை ஏற்றி வந்த கப்பல்களையெல்லாம் ஜெர்மன்காரன் நடுக்கடலில் மூழ்கடித்துக்கொண்டிருந்தான். மேய்ச்சல் தரையையெல்லாம் உழு, தானியம் போடு என்று லண்டனிலிருந்து உத்தரவு. உத்தரவை நடத்திவைக்க அந்தந்தப் பக்கத்துப் பெரிய விவசாயிகளைச் சேர்த்து ஒரு குழு. எங்கள் பக்கத்துக்குத் தர்லோ. மேட்டு மணலில் நானூறு ஏக்கர் வைத்திருந்தார். ஒவ்வொரு பண்ணையையும் பார்த்து ஏ, பி, சி என்று எழுத்துப் போடுவது குழுவின் வேலை. ஏ விழுந்தவன் நிமிர்ந்து நடந்தான். சி விழுந்தவனுக்குப் பதினாலு நாள் கெடு, சட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஜேபஸ் வைத்திருந்தது பள்ளத்தில், களிமண்ணில், முப்பது ஏக்கர் குத்தகை. எங்கள் சஃபோக் மாவட்டத்துக் களிமண்ணைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: விடிகாலையில் சேறு, மத்தியானம் கல், நடுவில் ஒரு மணி நேரம்தான் அது மண் என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன்தான் அங்கே விவசாயி. பன்னிரண்டு ஏக்கர் என்று பெயர் கொண்ட புல்வெளியைப் பிப்ரவரியிலேயே உழச் சொல்லி உத்தரவு வந்தபோது, ஏப்ரல் வரைக்கும் பொறுங்கள், இப்போது உழுதால் மண் பிசைந்த மாவாகிவிடும் என்று ஜேபஸ் நடையாய் நடந்து சொன்னான். யார் கேட்டார்கள்? குழுவின் டிராக்டர் வந்து மழையோடு மழையாய் உழுதுவிட்டுப் போனது. போட்ட ஓட்ஸ் அழுகிப் போயிற்று. அப்புறம் தர்லோ வந்தார். வேலிக் கதவருகே நின்று பார்த்தார். "வடிகால் இல்லை. உழைப்பு போதாது" என்று எழுதி, கீழே சி போட்டார்.

வடிகாலா இல்லை? இருபத்திரண்டு இருந்தன. கெரிட்ஜ் சகோதரர்கள் மூன்று குளிர்காலம் முதுகொடியத் தோண்டியவை. இடுப்பளவு ஆழம், அடியில் உள்ளங்கை அகலம். வேலியில் வெட்டிய முள்ளைக் கட்டுக் கட்டாய் உள்ளே அமுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, களிமண்ணால் மூடிவிடுவது. மேலே புல் வளர்ந்துவிடும். அடியில் முள்ளிடுக்கு வழியே தண்ணீர் நடந்துபோய்க் கீழ்க்கோடிக் கால்வாயில் சொட்டும். கால்வாயில் இறங்கிப் புதரை விலக்கியிருந்தால் இருபத்திரண்டு வாயும் சொட்டுச் சொட்டாய்ப் பேசியிருக்கும். தர்லோ இறங்கவில்லை. அவர் காலில் போட்டிருந்த தோல்பட்டை பளபளவென்று இருந்தது, அதில் சேறு பட்டுவிடுமே. அவருடைய மேட்டு நிலத்தில் சுட்ட மண்குழாய்தான் வடிகால். முள்ளைப் புதைத்துத் தண்ணீரை இறக்குவதெல்லாம் அவருக்குத் தாத்தா காலத்துக் கதை.

அந்த வடிகால்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று எழுதிவைத்த காகிதம் கிடையாது. ஜேபஸுக்குத் தெரியும், ஆமோஸுக்குத் தெரியும், ஜேபஸின் மனைவி ஹெஸ்டருக்குத் தெரியும். அவள் புதுப்பெண்ணாய் வந்த வருஷம் முள் சுமந்தவள். முன்கைத் தழும்புகள் இன்னும் இருந்தன.

ஹெஸ்டர் இப்போது ஆமோஸ் குடியிருந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆமோஸ் கல்யாணம் ஆகாதவன், பக்கத்துப் பண்ணையில் குதிரைக்காரன். அவள் வந்த பிறகுதான் அந்த வீட்டு அடுப்பு தினமும் எரிந்தது. முதலில் மாவு உருண்டையும் குழம்பும், பாதி வயிறு நிறைந்த பிறகு கொஞ்சம் முயல் கறி. சாப்பிடும்போது இரண்டு பேரும் பேசுவதில்லை. பேச ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை யார் முதலில் எடுப்பது என்றுதான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமோஸ்தான் எடுத்தான். சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மாலை. படையில் சேர்ந்தபோது கையில் ஒரு துணிப்பட்டையும் வைக்கோல் வாரும் கவையும்தான் கொடுத்தார்கள். இப்போது அமெரிக்காவிலிருந்து வந்த ராணுவத் துப்பாக்கி, ஐந்து தோட்டா.

"அந்தாளு முதுகு எட்டடி முன்னால போவுது அண்ணி. வாரத்துக்கு ரெண்டு தடவ. விடியக்காலம் காவலுக்குப் போறப்ப அவரும் நானும் மட்டுந்தான்."

ஹெஸ்டர் ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டிச் சேர்த்தாள்.

"சுடேன். உன்னத் தூக்குல போடுவாங்க. அவன் பேரப் பித்தளத் தகட்டுல வெட்டி சர்ச்சுல மாட்டுவாங்க, நாட்டுக்காகச் செத்தான்னு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் அதப் பாத்துக்கிட்டே நான் முட்டி போடணும். வேணாம்பா." துணுக்குகளை வாயில் போட்டுக்கொண்டாள். "அவன் சாவறதுல எனக்கு என்ன இருக்கு? அந்த எழுத்து அவனுக்கும் விழணும். வடிகால் இல்ல, உழைப்பு போதாதுன்னு அவன் பேருக்கு நேரா எவனாச்சும் எழுதணும். அதப் பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடுவேன்."

தர்லோவுக்கு சி விழுவதாவது! ஆமோஸுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் ஹெஸ்டர் சிரிக்கவில்லை.

ஜேபஸின் நிலத்தைக் குழு யாருக்குக் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. தர்லோவேதான் எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் செப்டம்பர் வறண்டு கிடந்தது. களிமண்ணுக்குரிய அந்த ஒரு மணி நேரம் ஒரு மாதமாய் நீண்டுபோனது. தர்லோ ஆசை தீர உழுது அக்டோபரில் கோதுமை விதைத்தார். சும்மா சொல்லக் கூடாது, பன்னிரண்டு ஏக்கரும் சீப்பால் வாரிவிட்டதுபோலப் பச்சையாய் முளைத்தது. போகிற வருகிறவரிடமெல்லாம் தர்லோ கையை நீட்டிக் காட்டினார். உழைக்கிறவன் கையில் கொடுத்தால் எந்த மண்ணும் விளையும் என்றார். ஹெஸ்டர் அந்தப் பாதையில் நடப்பதை நிறுத்திவிட்டாள். அடியில் ஓடுவது தன் புருஷனின் முதுகெலும்பு என்று அவளுக்குத் தெரியும், அது பாட்டுக்கு ராத்திரி பகலாய் எதிரிக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தது.

படை வேலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. குண்டு வீசிப் பழக உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். பழகி முடிந்ததும் அவரவர் குண்டைப் பொறுக்கிக்கொண்டுபோய் வேகவைத்துத் தின்றார்கள். ரோட்டு வேலை செய்யும் விக் லிங் ஒரு பனிக்காலையில் மூன்று தடவை 'யாரது' என்று முறைப்படி கேட்டுவிட்டு, பதில் சொல்லாத பசுவை நோக்கிச் சுட்டுவிட்டான். குண்டு படவில்லை. பயத்தில் அது பால் வற்றிப்போனது. அதிலிருந்து அவனைப் பார்க்கிற பெண்கள் எல்லாம் 'யாரது' என்று கேட்டுவிட்டுத்தான் வணக்கம் சொன்னார்கள்.

நவம்பரில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இன்ஜின் இல்லாத விமானங்களில் எதிரி சமதரையில் வந்து இறங்கலாம், ஆகவே பெரிய வயல்களின் குறுக்கே நீளப் பள்ளம் வெட்ட வேண்டும். வரைபடத்தில் படையின் லெப்டினன்ட் பென்சிலால் போட்ட கோடு பன்னிரண்டு ஏக்கரின் நட்டநடுவே போயிற்று. நாலு விரல் உயரக் கோதுமையின் நடுவே! தர்லோ அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, நடுவில் வெட்டினால் சுடுவதற்குத் தோதுப்படாது, கீழ்க்கோடியில், கால்வாயை ஒட்டினாற்போல் பயிர் இல்லாத ஓரத்தில் வெட்டுவோம் என்று விளக்கம் சொன்னார். லெப்டினன்ட் ஊரில் ஜவுளிக் கடைக்காரர், மண்ணைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆமோஸ் அந்தக் கோட்டை மனசுக்குள் போட்டுப் பார்த்தான். கால்வாயை ஒட்டி வெட்டினால் அந்தப் பள்ளம் இருபத்திரண்டு வடிகாலையும் ஒன்று விடாமல் குறுக்கே அறுக்கும். மனுஷன் தன் கோதுமையைக் காப்பாற்றப் போய்த் தன் கழுத்தைத் தானே நீட்டுகிறான். ஆமோஸ் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆறு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். குளிர்ந்த தேநீர் பாட்டில், ரொட்டி, பன்றிக் கொழுப்பு, ஊறவைத்த வெங்காயம் எல்லாம் வேலியோரம் கிடந்தன. தர்லோ மேலே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்தினார். இடுப்பளவு இறங்கியதும் ஆமோஸின் மண்வெட்டி சரக்கென்று எதிலோ இறங்கியது. மண் உதிர்ந்தது. கன்னங்கரேலென்று, பதினைந்து வருஷம் ஈரத்திலேயே ஊறியும் மக்காத முள் தெரிந்தது. அதன் இடுக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் கோடாய் இறங்கியது.

ஆமோஸ் ஒரு கட்டிக் களிமண்ணை எடுத்தான். முள்ளின் மேல் வைத்தான். பூட்ஸ் குதியால் ஓங்கி மிதித்தான். இன்னொரு கட்டி. இன்னொரு மிதி. தண்ணீர் நின்றது.

பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த விக் லிங் நிமிர்ந்தான். அவன் களிமண்ணில் பிறந்தவன், அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மண்வெட்டிப் பிடியில் மோவாயை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"எம்மவன் கோதுமக் கப்பல்ல இருக்கான் ஆமோஸ். ஒரு மூட்டைய இங்க கொண்டாந்து சேக்க உசிரக் கையில புடிச்சிக்கிட்டு வரான். நீ பன்னெண்டு ஏக்கர முழுகடிக்கிற."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பண்றியா?"

"தெரிஞ்சுதான்."

லிங் அடைபட்ட முள்வாயைப் பார்த்தான். மேலே தர்லோவின் குரல் கேட்டது, அங்கே என்ன நின்றுவிட்டீர்கள், என்ன கிடக்கிறது என்று.

"பழைய வேலி வேரு சார்ஜன்ட்," என்றான் லிங். அப்புறம் ஆமோஸிடம் திரும்பி, "ஜேபஸ்தான் எனக்கு மாப்பிள்ளத் தோழன்" என்றான். கொஞ்சம் தள்ளிப்போய்த் தன் பங்கில் வந்த முள்ளின் மேல் களிமண்ணை வைத்துத் தானே மிதித்தான். மிதிக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது, யாரை நினைத்தென்று ஆமோஸ் கேட்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு மூடிக் கிடந்தது. மூன்று ஞாயிறுகளில் இருபத்திரண்டு முள்வாயும் அடைபட்டது. ஆறு பேருக்கும் தெரியும். மனைவிமாருக்குத் தெரியும். பீர்க் கடையில் ஒரு மூச்சு வரவில்லை. பள்ளம் பார்க்க வந்த கேப்டன், மற்ற ஊர்ப் பள்ளங்களிலெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, இது மட்டும் எப்படி இப்படி உலர்ந்து கிடக்கிறது என்று வியந்தார். தர்லோ ஆமோஸை முன்னால் அழைத்து, இவனும் இவன் ஆட்களும் செய்த வேலை என்று பெருமையோடு சொன்னார். ஆமோஸ் விறைப்பாய் நின்று சல்யூட் அடித்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஹெஸ்டர் சிரித்தாள். புருஷன் செத்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பு ஆமோஸுக்குக் கொஞ்சம் பயமாய் இருந்தது.

டிசம்பரில் மழை பிடித்தது. ஜனவரியில் பனி உறைந்து, உருகி, மறுபடி மழை. பன்னிரண்டு ஏக்கர் முதலில் திட்டுத் திட்டாய் மஞ்சளித்தது. அப்புறம் சாலில் தண்ணீர் நின்றது. பிப்ரவரியில் கடற்பறவைகள் வந்து கோதுமை மேல் நீந்தின. தர்லோ மழையைத் திட்டினார், விதை விற்றவனைத் திட்டினார். ஆள் விட்டுக் கால்வாயைத் தூர் வாரினார். வாரியவர்கள் பார்த்த வாய்களெல்லாம் உலர்ந்து கிடந்தன, அவர்களும் வாயைத் திறக்கவில்லை. எழுத்துப் போட்டவர்களின் சொந்த நிலத்தையும் வெளியாட்கள் வந்து பார்த்து எழுத்துப் போட வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. மாவட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து, தர்லோவுக்கு முன்பின் தெரியாத மூன்று பேர் வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது.

கெரிட்ஜ்காரர்கள் அந்தக் காலத்தில் முள் புதைத்தார்கள், அது எங்கே என்று அந்த வீட்டாருக்குத்தான் தெரியும் என்று தர்லோவின் கிழட்டு மாட்டுக்காரன் அந்த வாரம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் தர்லோ ஆமோஸின் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஹெஸ்டர் உள்ளே வரச் சொல்லவில்லை. தூறல் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் வடிகால் எங்கே என்று கேட்டார், கூலி எவ்வளவானாலும் தருவதாகச் சொன்னார், தேசத்துக்கு ரொட்டி வேண்டாமா என்றும் கேட்டுப் பார்த்தார். ஹெஸ்டர் எல்லாவற்றையும் கேட்டாள்.

"தெரியாமப் போச்சு மிஸஸ் கெரிட்ஜ்," என்றார் கடைசியில்.

"தெரியாம இல்ல. பாக்காம. கால்வாயில எறங்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நாலடி எறக்கம், அவ்வளவுதான்." கதவில் சாய்ந்துகொண்டாள். "நாளைக்கு அணிவகுப்புல எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. எழுதுனது தப்புன்னு. என் வீட்டுக்காரர் பேரச் சொல்லிச் சொல்லணும். அப்பறம் வயலுக்கு வாங்க, காட்டறேன்."

ஞாயிறன்று பள்ளிக்கூட முற்றத்தில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹெஸ்டர் நின்றாள், கறுப்புத் தொப்பி, ஜேபஸின் பழைய பூட்ஸ். தர்லோவின் முகத்தில் அன்றைக்குச் சவரம் சரியாக இல்லை. பன்னிரண்டு ஏக்கரைப் பற்றி ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தார்.

"சத்தமா," என்றாள் ஹெஸ்டர் கம்பிக்கு வெளியிலிருந்து.

தர்லோ குரலை உயர்த்தினார். "பன்னெண்டு ஏக்கர்ல வடிகால் இல்லன்னு நான் எழுதுனேன். அது தப்பு. இருந்துச்சு. நான் எறங்கிப் பாக்கல. ஜேபஸ் கெரிட்ஜ் நல்ல விவசாயி. சோம்பேறி இல்ல." கொஞ்சம் நின்று, "அவ்வளவுதான். கலையலாம்" என்றார். யாரும் கலையவில்லை. விக் லிங் தொப்பியைக் கழற்றினான். ஒவ்வொருவராய்க் கழற்றினார்கள்.

ஆமோஸும் கழற்றினான். எட்டு மாதமாய் மாரில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது போல இருந்தது. போதும் என்று தோன்றியது. நிஜமாகவே போதும். அண்ணன் பேர் துடைக்கப்பட்டாயிற்று. இருபத்திரண்டு அடைப்புதானே, பள்ளத்தில் இறங்கினால் சாயங்காலத்துக்குள் அத்தனையையும் பிடுங்கிவிடலாம். புதன்கிழமைக்குள் தண்ணீர் வடியும். மேட்டுப் பக்கத்துப் பயிராவது பிழைக்கும். லிங்கின் மகன் முகத்தில் விழிக்கலாம். அவன் வீட்டுக்கு ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு வந்தான்.

தர்லோ அங்கே கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஹெஸ்டர் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தாள். ஆமோஸ் கீழ்க்கோடியைப் பார்க்கத் திரும்பினான். அவள் திரும்பவில்லை. தண்ணீருக்குள் சளக் சளக்கென்று மேலே ஏறி நடந்தாள். மேட்டுப் பக்கம், வடிகால் ஒன்று கூட இல்லாத மூலைக்குப் போய் நின்றாள். வயலில் பிழைத்துக் கிடந்த பச்சை அந்த மூலையில் மட்டும்தான் இருந்தது. குச்சியால் அந்தப் பச்சையின் மேலே குறுக்காய் ஒரு நீளக் கோடு இழுத்தாள்.

"இங்கதான். கீழ வாய் காஞ்சு கெடந்தா அடைப்பு மேலதான் இருக்கும், அந்த வேலி வரைக்கும் போவுது. மொத்தமும் தோண்டுனாத்தான் அகப்படும். கூலி ஆள வெக்காதீங்க, ஞாயித்துக்கெழம எவனும் வரமாட்டான். நீங்களே தோண்டுங்க."

தர்லோ மண்வெட்டியைக் குத்தினார். கோதுமை வேரோடு பெயர்ந்து புரண்டது. ஐம்பத்தெட்டு வயசு, நானூறு ஏக்கர்க்காரர், களிமண்ணைத் தோண்டிப் பழக்கமில்லாத கை. பத்தடி போவதற்குள் மூச்சு வாங்கியது. ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் பத்தடி. உள்ளங்கை கிழிந்து பிடியில் ரத்தம் ஒட்டியது. குழிக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தார். ஹெஸ்டரை அல்ல, ஆமோஸைப் பார்த்தார். அவர் கண்ணில் சந்தேகம் இருந்தது, கெஞ்சலும் இருந்தது.

"ஆமோஸ், அண்ணனோட சேந்து வடிகால் வெட்டுனது நீதானே. நீ சொல்லுப்பா. இங்கதானா?"

ஆமோஸுக்கு அந்த மனுஷன் மேல் இரக்கம் வந்தது. அதை அவன் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. வாயைக்கூடத் திறந்தான். ஹெஸ்டர் அவனைப் பார்க்கவே இல்லை. அவள் ஜேபஸின் பூட்ஸுக்குள் நின்றுகொண்டு, புரட்டிப் போட்ட பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்ஜன்ட்," என்றான் ஆமோஸ். "இன்னும் கொஞ்சம் ஆழமாப் போங்க."